லோடருக்குள் ஒரு வெந்நீர்ப் பை

இருபத்தெட்டு வயதில் பணி ஓய்வு பெற்றவள் நான். சிரிக்க வேண்டாம். திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்தைத் தாண்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பெயின்ட்பால் மைதானத்தில், கல்லூரி முடித்த கையோடு டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். இந்த வருடம் மழைக்கு முன்னால் விலகினேன். கடைசி நாளில் சால்வை போர்த்தினார்கள். கேக்கில் 'ஹேப்பி ரிட்டயர்மென்ட்' என்று எழுதியிருந்தது. சால்வையும் கேக்கும் சேர்ந்து வந்துவிட்டால் அதற்குப் பிறகு வயதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

இப்போது வேறொரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். மருந்துக் கடைகளுக்கு மாத்திரை எண்ணும் இயந்திரம் செய்கிறோம். இதுவும் உருண்டைகளைச் சண்டை போடாமல் ஒரு குழாய்க்குள் இறக்குகிற வேலைதான். என்ன, மாத்திரை உடைந்தால் சட்டை மஞ்சளாவதில்லை.

போன வாரம், மைதானத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகள் ஒரு படம் அனுப்பினார்கள். "சேச்சி, ஸ்டோர் ரூம்ல இருக்கிற பழைய லோடர் மூடியில ஏன் சிவப்பு ரப்பர் ஒட்டியிருக்கு? தூக்கிப் போட்டுடலாமா? புதுசு எல்லாம் சீல் வச்சு வருது. கெட்டா கூரியர்ல அனுப்பிட்டா மதி, அதுவே போதும்." தாராளமாகத் தூக்கிப் போடுங்கள். ஆனால் கேள்வி கேட்டுவிட்டீர்களே, பதிலை முழுசாகக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

விளையாட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயின்ட்பால் என்பது நெல்லிக்காயைவிடச் சிறிய உருண்டை. மேலே மெல்லிய ஜெலட்டின் தோல், உள்ளே வண்ணக் குழம்பு. அதைக் காற்றழுத்தத்தில் சுடும் கருவிக்குப் பெயர் மார்க்கர். துப்பாக்கி என்று சொன்னால் எங்கள் மைதானத்தில் திட்டு விழும். மார்க்கரின் தலைமேல், கொண்டை போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும் டப்பாதான் லோடர். பந்துகளைக் கொட்டி மூடிவிட்டால் ஒவ்வொன்றாகக் கீழே இறக்க வேண்டும். அது செய்ய வேண்டிய ஒரே வேலை அது. அந்த ஒரே வேலையை அது ஒழுங்காகச் செய்திருந்தால் எனக்குச் சம்பளமே கிடைத்திருக்காது.

வெயில் நாட்டில் இந்த உருண்டைகள் சமத்தாக இருக்குமோ என்னவோ. திருவனந்தபுரத்துக் காற்றில் அவை தண்ணீர் குடிக்கும். ஜூன் பிறந்துவிட்டால் ஒவ்வொரு பந்தும் கல்யாணமான மாப்பிள்ளை மாதிரி ஒரு சுற்று பெருத்துவிடும். பெருத்த பந்துகள் லோடரின் கழுத்தில் தோளோடு தோள் கொடுத்து நின்றுவிட்டால் கீழே ஒன்றும் இறங்காது. விளையாடுபவர் மார்க்கரைப் பிடித்துக் குலுக்குவார். அதற்குள் எதிராளி அவர் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டுப் போய்விடுவான்.

என் படிப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். வீட்டில் ஒரு தமிழ், பள்ளியில் மலையாளம், கல்லூரியில் மெக்கானிக்கல். கல்லூரியில் பெரிய பெரிய டர்பைன்களைப் படமாகப் பார்த்தேன். வேலையில் முதல் வாரம் முழுக்க, உடைந்த பந்தின் குழம்பைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டினேன். பயிற்சிக் காலம் அதோடு முடிந்தது.

மைதானத்தின் மேலாளர் ஸ்டெல்லா மேடம். போனக்காடு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்துவிட்டு இங்கே வந்தவர். கழுத்தில் எப்போதும் விசில். எந்த இயந்திரத்தையும் கெட்டுப்போனது என்று சொல்ல மாட்டார். "இதுக்கு என்ன சங்கடம்?" என்பார், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைக் கேட்பது போல.

ரிப்பேர் முடிந்தது என்று நாம் சொன்னால் அது முடிந்ததாகக் கணக்கில்லை. மேடத்துக்கு என்று ஒரு முறை உண்டு. முதலில் லோடரில் பாதி அளவு பந்து போடச் சொல்வார். முழுக்கப் போட்டால் சத்தம் வராது. பிறகு காதோடு வைத்து மெதுவாகக் குலுக்குவார். உள்ளே எங்காவது பிசிறு இருந்தால், ஒரு பந்து மட்டும் தயங்குவது அவருக்குக் கேட்டுவிடும். அடுத்து, மூடியைச் சாத்தித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் பரமண்டல ஜெபம் சொல்லுவார். நடுவில் ஒரு பந்து கீழே விழுந்தாலும் ஆமென் கிடையாது, லோடர் திரும்ப மேசைக்கு வரும். மூன்றாவதுதான் கொடுமை. யார் ரிப்பேர் செய்தார்களோ, அவரே அதை மாட்டிக்கொண்டு அன்றைக்கு வரும் வாடிக்கையாளர்களோடு ஒரு ஆட்டம் முழுக்க ஆட வேண்டும்.

"பண்ணினவதான் போடணும். உன் கைவேலையில உனக்கு நம்பிக்கை உண்டுன்னா ஓடு. இல்லேன்னா இப்பவே சொல்லு" என்பார்.

இன்னொன்று, இன்சுலேஷன் டேப். அதைக் கண்டால் அவருக்கு ஆகாது. "டேப் ஒட்டினா அது ரிப்பேர் இல்ல மோளே, பிரார்த்தனை."

என் முதல் சொந்தக் கண்டுபிடிப்பு இந்த மூன்று படிகளையும் தாண்டவில்லை. மழைக்காலத்து அடைப்புக்கு ஒரே தீர்வு லோடருக்குள் ஒரு கிளறி வைப்பதுதான் என்று எனக்குத் தோன்றியது. விலை உயர்ந்த லோடர்களில் மோட்டார் வைத்த கிளறி உண்டு. எங்களிடம் இருந்ததெல்லாம் வெறும் டப்பாக்கள். சாலை பஜாரில் ஒரு பொம்மைக் காரை வாங்கி, மோட்டாரைப் பிடுங்கி, ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து இறக்கைகள் வெட்டி ஒட்டினேன். மேசைமேல் சொர்க்கம் மாதிரி சுற்றியது. மேடத்திடம் நீட்டினேன். காதில் வைத்தார். குலுக்கவே இல்லை.

"ஜெனி."

"மேடம்?"

"உள்ளே பாயசம் இருக்கு."

திறந்து பார்த்தோம். நான் செய்தது கிளறி அல்ல, மிக்ஸி. உள்ளே போட்ட பந்துகள் எல்லாம் கூழாகி, மோட்டார் அந்த மஞ்சள் கூழுக்குள் சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "சாரமில்ல, போகட்டும், நிறம் நல்லாருக்கு" என்று ஆறுதல் சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க எல்லோரும் என்னிடம் வந்து ஒரு கிளாஸ் கேட்டார்கள்.

பிறகு புத்தி வந்தது. இறக்கையை வழவழப்பான ரப்பரில் வெட்டினேன். வேகத்தைக் குறைத்தேன். அதைவிட முக்கியம், பெருத்த பந்து லோடருக்குள் போகாமலே பார்த்துக்கொண்டேன். அரை இஞ்சு பிவிசி குழாயில் ஒரு துண்டு வெட்டி, உள்பக்கம் உப்புத்தாளால் தேய்த்து, ஜன்னலில் கட்டிவைத்தேன். அதில் வழுக்கிக்கொண்டு விழும் பந்து ஆட்டத்துக்கு, தொண்டையில் நிற்கும் பந்து குறி பார்த்துப் பழகுவதற்கு. கல்லூரியில் நான் படித்த எந்தப் பாடமும் இந்தக் குழாய்த் துண்டு அளவுக்கு உழைக்கவில்லை.

இப்போது சிவப்பு ரப்பருக்கு வருகிறேன். அதற்குக் காரணம் சங்கர்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஐ.டி. கம்பெனிக் கூட்டம். வருடத்துக்கு ஒருமுறை டீம் அவுட்டிங் என்று பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். வாரம் முழுக்கப் பணிவாக மெயில் எழுதியவர்கள், இங்கே வந்து தங்கள் மேலதிகாரியின் முதுகைக் குறிபார்ப்பார்கள். அப்படி வந்த ஒரு கூட்டத்தில் ஒருவர் மட்டும் முகமூடி வாங்கவில்லை. கழுத்தில் கேமரா. இடது கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே முடிந்துவிட்டது. ஆட்டம் நடக்கும்போது வலைக்கு வெளியே நின்று படம் எடுத்தார். இடைவேளையில் என் மேசைக்கு வந்து, பிரித்துப் போட்டிருந்த லோடரைத் தூக்கிப் பார்த்தார்.

"இதை ஒரு கையால நிரப்ப முடியுமோ?"

வலியசாலை அக்ரஹாரத்துத் தமிழ். நான் என் பாறசாலைத் தமிழில், "இதுவரைக்கும் யாரும் செய்யல்ல அண்ணா. சுடதுக்கு முடியும். நிரப்பதுக்குத்தான் ரெண்டு கை வேணும்" என்றேன்.

உண்மை அதுதான். மார்க்கரின் பின்கட்டையைத் தோளில் முட்டுக்கொடுத்து, முழங்கையைக் கீழே தாங்கலாக வைத்தால் அவரால் தாராளமாகச் சுட முடியும். அங்கேயே சுட்டுக் காட்டினார், என்னைவிட நன்றாக. ஆனால் லோடர் காலியானால் இடுப்புப் பட்டையிலிருந்து, உபரிப் பந்துகள் அடைத்த குழலை உருவி, அதன் மூடியைத் திறந்து, லோடர் மூடியைத் திறந்து, கொட்டி, இரண்டையும் மூட வேண்டும். இத்தனையும் மார்க்கரைக் கீழே போடாமல்.

அவர்களுடைய டீம் லீடர் பிரவீண் நல்ல மனிதர். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "சங்கரா, அதுக்கென்ன, தீர்ந்தா கை தூக்கு, நாங்க யாராவது வந்து நிரப்பித் தரோம்" என்றார்.

சங்கர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நடு யுத்தத்துல கையைத் தூக்கிண்டு, 'சார், கொஞ்சம் பந்து போடறேளா'ன்னு நிக்கணுமா? அதுக்குக் கேமராவே தேவலை."

பஸ் கிளம்பும் முன் திரும்ப வந்தார். சாப்ட்வேர் டெஸ்டராம். அதாவது மற்றவர்கள் செய்ததை உடைத்துக் காட்டுவதற்குச் சம்பளம் வாங்குபவர். "நீங்க செய்யுங்கோ. நான் உடைக்கறேன். அடுத்த அவுட்டிங்குக்குள்ள எனக்கு இது வேணும்" என்றார். அப்புறம், நான் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார். "கை பிறந்ததுலேருந்தே இப்படித்தான். விபத்து, கதை ஒண்ணும் கிடையாது. ஏமாந்து போகாதீங்கோ."

சனிக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். லோடர் மூடியைத் திறக்கவே வேண்டாம் என்பதுதான் என் முதல் யோசனை. மூடியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரப்பர் தகடு ஒட்டி, நடுவில் நட்சத்திரமாகக் கீறிவிட்டால், குழலை மேலிருந்து குத்தினால் இதழ்கள் விலகிப் பந்து உள்ளே போகும். எடுத்தால் இதழ்கள் தாமாகச் சேர்ந்துகொள்ளும். சைக்கிள் டியூப் மெல்லிசு, துவண்டுவிட்டது. செருப்பு ரப்பர் தடி, குழலையே உள்ளே விடவில்லை. சரியான தடிமன், சரியான விறைப்பு, எங்கள் வீட்டு அலமாரியில் சிவப்பாகத் தொங்கியது. அம்மாவின் வெந்நீர்ப் பை.

"எட்டீ, முட்டுக்கு ஒத்தடம் குடுக்க பையை எங்கட்டி வச்ச?"

"புதுசு வாங்கித் தாறேன்ம்மா."

"பழசு எங்க?"

"லோடர்ல."

அம்மாவுக்கு லோடர் என்றால் மண் அள்ளும் வண்டி. பிறகு அவள் பேசியதை இங்கே எழுத முடியாது.

மூடி அற்புதமாக வந்தது. மேசையில் உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, குழலின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, குத்தி, கொட்டிக் காட்டினேன். சங்கரும் செய்து பார்த்தார். மேடம் காதில் வைத்தார், கவிழ்த்தார், ஆமென் சொன்னார். பிறகு என் துப்பட்டாவை வாங்கி, என் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

"போ. பண்ணினவதான் போடணும்."

அன்றைக்கு வந்திருந்தவர்கள் கல்லூரிப் பையன்கள். மணல் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து, சுட்டு, லோடரைக் காலி செய்து, குழலை உருவி, கம்பீரமாக வாய்க்குக் கொண்டுபோனேன். டக்கென்று எதிலோ இடித்தது.

முகமூடி.

மைதானத்துக்குள் முகமூடியை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது என்பது முதல் விதி. வருகிறவர்களுக்கு அந்த விதியைத் தினமும் ஒப்பிப்பவளே நான்தான். வாய் உள்ளே இருக்கிறது, குழல் வெளியே இருக்கிறது. நடுவில் கெட்டிப் பிளாஸ்டிக். கட்டைவிரலால் திறக்கப் பார்த்தேன், குழல் கைநழுவி உருண்டது. முழங்கால் இடுக்கில் வைத்துத் திறந்தேன், பந்தெல்லாம் மண்ணில். அதற்குள் பையன்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஒரு புண்ணியவான், "சேச்சி, ஹெல்ப் வேணோ?" என்று கேட்டுவிட்டுச் சுட்டான்.

வலைக்கு வெளியே சங்கர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஜெனி, இத்தனை நாளா நாம ரெண்டு பேரும் முகமூடி இல்லாமயா டெஸ்ட் பண்ணிண்டிருந்தோம்? என் ஆஃபீஸ்ல தெரிஞ்சா வேலையே போயிடும்."

கஷ்டம் எந்த முனையில் இருந்ததோ அதை விட்டுவிட்டு, வாரக்கணக்கில் மறுமுனையைச் செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். லோடர் மூடி ஒரு பிரச்சினையே இல்லை. குழல்தான் பிரச்சினை. குழலைக் கையில் எடுத்தாலே மார்க்கர் கையில் இல்லை.

அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் சில சனிக்கிழமைகள் போயின. அவருடைய அவுட்டிங் நெருங்கியது. பிரவீண் மெயில் அனுப்பிவிட்டாராம், 'போட்டோகிராஃபி: சங்கர்' என்று. இவர் அதற்குப் பதில் மெயிலில் எல்லோருக்கும் தெரியும்படி, 'இந்த முறை நான் ஆடுகிறேன்' என்று எழுதிவிட்டாராம்.

"எதுக்கு அண்ணா இப்பமே சொன்னீங்க? சாதனம் ரெடி ஆகல்லியே!"

"அதனாலதான் சொன்னேன். இனிமே நீ தூங்க மாட்டே பாரு." அப்புறம், "இந்தத் தடவை அத்தனை பேர் முன்னாடி திணறினேன்னா, அப்புறம் ரிட்டயர் ஆற வரைக்கும் நான்தான் போட்டோகிராஃபர். அதையும் சொல்லிட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். மைதானத்தில் தண்ணீர் கேன் கவிழ்த்து வைத்த ஸ்டாண்ட் உண்டு. டம்ளரால் ஒரு நாக்கைத் தள்ளினால் தண்ணீர் வரும், எடுத்தால் நின்றுவிடும். அவர் டம்ளரைத் தள்ளினார், நிரம்பியது, எடுத்தார். கேனை யாரும் தூக்கிச் சாய்க்கவில்லை.

"அண்ணா, அங்கேயே நில்லுங்க. இன்னொரு கிளாஸ் குடிங்க."

"ஏன்?"

"குடிங்கன்னா!"

மூன்றாவது டம்ளரில் அவருக்கும் புரிந்துவிட்டது. குழல் லோடரைத் தேடி வர வேண்டாம். குழல் ஒரே இடத்தில் தொங்கட்டும், வாய் கீழே பார்த்து. மார்க்கர் பிடித்த கை மார்க்கரை விடாமலே லோடரை அதன் வாயில் போய் முட்டட்டும்.

செய்தது இதைத்தான். இரண்டு இஞ்சு பிவிசி குழாயில் ஒரு முழம். பள்ளிப் பையின் வார் கோத்து, தலை கொஞ்சம் தோளுக்கு மேலே நீட்ட, இடது தோளிலிருந்து மார்பில் தொங்கும்படி. கீழ்வாயில் ஒரு கதவு. கதவைத் தள்ள ஒரு நாக்கு, செத்துப்போன குடையின் கம்பியிலிருந்து. தானாக மூடிக்கொள்ள ஸ்பிரிங், அதே குடையிலிருந்து. லோடரை மேலே முட்டினால் குழாயின் வாய் நட்சத்திர மூடிக்குள் நுழையும், லோடரின் விளிம்பு நாக்கைத் தள்ளும், கதவு விலகும், பந்துகள் கொடகொடவென்று இறங்கும். முதல் கதவு அலுமினியத் தகடு. அது மூடும்போது நடுவில் மாட்டிய பந்தை வெங்காயம் மாதிரி நறுக்கியது. தப்பு கிடைத்த டெஸ்டரின் உற்சாகத்தோடு சங்கர், "சூப்பர் பக்!" என்றார். வெந்நீர்ப் பையில் மிச்சமிருந்த ரப்பரைச் சீப்புப் பல் போல வெட்டிக் கதவாக வைத்தேன். பல் மெத்தென்று வளைந்து கொடுத்து, பந்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒதுக்கிவிட்டது.

மேடம் குழாயைக் கவிழ்க்கத் தேவையில்லை, அது ஏற்கெனவே கவிழ்ந்துதான் இருந்தது. தொங்கவிட்டுவிட்டு ஒரு ஜெபத்துக்கு இரண்டு ஜெபமாகச் சொன்னார். பிறகு வாரைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். "ஓடற ஓட்டத்துல இது எங்கயாவது மாட்டிச்சுன்னா? கழுத்தை நெரிக்கும் கேட்டோ. இழுத்தா வாரு கழண்டு போகணும்." வாரை நடுவில் வெட்டி வெல்க்ரோ வைத்தேன். திரும்பவும் துப்பட்டா. இந்த முறை கை கட்டப்பட்ட நான் இரண்டு முறை நிரப்பினேன், மூன்று பேரை அவுட் ஆக்கினேன். மேடம் விசிலை மட்டும் ஊதினார். அவர் ஊதிய விதத்தில் பாராட்டு இருந்தது என்று நானாக வைத்துக்கொண்டேன்.

அவுட்டிங் நாள் வந்தது. தூறல். நான் நடுவர், மைதானத்துக்குள். நடுவர் யாருக்கும் உதவக் கூடாது. மேடம் வலைக்கு வெளியே.

ஆட்டம் தொடங்கியது. சங்கர் ஒரு பீப்பாய்க்குப் பின்னால் இருந்து நிதானமாகச் சுட்டு இரண்டு பேரை வெளியே அனுப்பினார். லோடர் காலி. குந்தியபடியே மார்க்கரைத் தூக்கிக் குழாயில் முட்டினார். ஒன்றும் விழவில்லை.

இன்னொரு முறை முட்டினார். இல்லை. தூறலின் ஈரத்தில் பந்துகள் பெருத்துக் குழாய்க்குள் தோளோடு தோள் கொடுத்து நின்றுவிட்டன. ஜன்னலில் தொங்கிய என் குழாய்த் துண்டு, காலையில் அத்தனையையும் பாஸ் பண்ணியிருந்தது. என் கால் தானாக ஒரு அடி முன்னால் போனது.

"ஜெனி!" வலைக்கு வெளியிலிருந்து மேடம். "கையைப் பின்னால கட்டு."

கட்டிக்கொண்டேன். சங்கர் எழுந்து நின்றார், மறைவை விட்டு, முழு உயரத்துக்கு. லோடரை முட்டியபடியே நின்ற இடத்தில் குதிக்க ஆரம்பித்தார். தங், தங், தங். எல்லோரும் மார்க்கரைக் குலுக்குவார்கள், இவர் தன்னையே குலுக்கினார். மூன்றாவது குதிப்பில் கொடகொடவென்று சத்தம் கேட்டது. மழைச் சத்தத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது.

ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. அவர் திறந்தவெளியில் நின்று குதித்துக்கொண்டிருந்தார், ஒருவர்கூடச் சுடவில்லை. எதிரணி மொத்தமும் மார்க்கரைத் தாழ்த்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரணியில் இருந்த பிரவீண் தன் மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து, "மெல்ல, மெல்ல சங்கரா, அவசரம் இல்ல" என்று தைரியம் சொன்னார்.

சங்கர் முகமூடிக்குள் என்ன முகம் வைத்திருந்தார் என்று தெரியாது. சுற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு மறைவுக்குத் திரும்பவே இல்லை. கோயில் பிராகாரத்தைச் சுற்றுவது போல நிதானமாக நடந்தார். ஒவ்வொரு மறைவாக எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தவர் இவரைச் சுடுவதா வேண்டாமா என்று தயங்க, இவர் தயங்கவில்லை. டப். அடுத்தவர். டப். நடுவில் ஒருமுறை நின்று, குதித்து, நிரப்பிக்கொண்டார். கடைசியாகப் பிரவீண். அவர், "சங்கரா, நான்—" என்பதற்குள் நெஞ்சில் ஒரு மஞ்சள் பூ.

இடைவேளையில் எதிரணி கொதித்துக்கொண்டிருந்தது.

"இது சீட்டிங் அல்லே!"

"நான் என்னடா பண்ணேன்? நீங்கள்லாம் சுட்டிருக்கணும்."

"நாங்க ஒரு மரியாதைக்கு…"

"அந்த மரியாதையை நன்னாப் பிடிச்சு வச்சுக்கோங்கோ. அடுத்த ஆட்டமும் இதே மாதிரி குடுத்தேள்னா ரொம்ப சௌகரியம்."

பிரவீண் நெஞ்சைத் துடைத்துக்கொண்டே தன் ஆட்களை ஒரு மூலைக்கு அழைத்துப் போனார். நெடுநேரம் ஏதோ ரகசியம் பேசினார்கள்.

இரண்டாவது ஆட்டத்துக்கு நான் விசில் ஊதினேனோ இல்லையோ, எதிரணியின் அத்தனை மார்க்கரும் ஒரே பக்கம் திரும்பின. சங்கர் பீப்பாயை நோக்கிப் பாய்ந்தார். மண், தகரம், பீப்பாய் எல்லாம் மஞ்சளாகத் தெறித்தது. அவர் அலறினார், குனிந்தார், உருண்டார், என்னவெல்லாமோ வடமொழியில் சொன்னார். பீப்பாய்க்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, நிரப்புவதற்காக லோடரைத் தூக்கினார். அப்போது தோளுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த குழாயின் தலையில், டொப்.

பிரவீண் எழுந்து நின்று, "ஹிட்! அவுட்!" என்று கத்தினார்.

"எங்க அவுட்? மேல படலை! குழாய்ல பட்டிருக்கு!"

"உடம்புல இருக்கிறதுல எங்க பட்டாலும் அவுட்தான்!"

"இது என்ன என் உடம்பா? பிளம்பிங் சாமான்!"

ஆட்டம் நின்றுவிட்டது. இரண்டு அணியும் மறைவுகளிலிருந்து வெளியே வந்து கத்தியது. சங்கர் குழாயைத் தட்டித் தட்டி வாதாடினார், பிரவீண் மூக்கு உரசும் தூரத்தில் நின்று விரலை ஆட்டினார். மெல்ல என்று சொன்ன மனிதரா இவர்? பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

விதி தெளிவாக இருக்கிறது. உடை, மார்க்கர், லோடர், மாட்டியிருக்கும் குழல், எதில் பட்டு உடைந்தாலும் அடிதான். அருகே போய்க் குழாயைப் பார்த்தேன். பந்து சுத்தமாக உடைந்து, மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது. கதவு அசையவில்லை, உள்ளே இருந்த பந்துகள் ஒன்றுகூட இறங்கவில்லை.

"அவுட்" என்றேன்.

"ஜெனி! நீயே இதைப் பண்ணிக் குடுத்துட்டு, நீயே அவுட் குடுக்கறியா?"

"ஆமா. மார்க்கரைத் தூக்கிப் பிடிச்சிட்டு வெளிய போங்க அண்ணா. ஆட்டம் நிக்குது."

மார்க்கரைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தெறித்த மஞ்சள் தலை முதல் கால் வரை வழிய, பிரவீணையும் என்னையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே அவர் வலையைத் தாண்டிப் போனார். வெளியே போன பிறகும் அவர் திட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது. நான் விசிலை ஊதினேன்.